பெட்டி, இழுப்பறை மூலைப் பொருத்துகளின் வலிமை

பெட்டி பழுதாகும்போது பலகை முறிவது அரிது. மூலை பிரிவதே பெரும்பான்மை. கடையின் கல்லாப்பெட்டி, வீட்டின் பத்தாயம், பள்ளி ஆய்வுக்கூட மேசையின் இழுப்பறை, களப்பணியாளர் உழவரிடம் கொண்டு செல்லும் தேனீப் பெட்டி ஆகிய யாவற்றிற்கும் இது பொருந்தும். தேனீப் பெட்டியின் மூலையில் ஒரு நூலளவு இடைவெளி உண்டானாலும் மழைநீர் உட்புகும். எறும்பும் மெழுகு அந்துப்பூச்சியும் அவ்வழியே நுழையும். நாளடைவில் தேனீக்கூட்டமே பெட்டியை விட்டு வெளியேறக்கூடும். நல்ல தேக்குப் பலகைக்குக் கொடுத்த விலை, பொருத்தில் காட்டிய கவனக்குறைவால் வீணாகிவிடுகிறது. ஆதலால் எந்தப் பொருத்து எவ்வகை விசையைத் தாங்கும், எதனால் தாங்கும் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் மரவேலை கற்பிக்கும் ஆசிரியர்க்கும், பெட்டிகளைச் செய்வித்து வழங்கும் களப்பணியாளர்க்கும் இன்றியமையாதது.

பெங்களூரும் மர ஆராய்ச்சியும்

மரத்தின் இயல்புகளை முறையாக ஆராயும் பணிக்குப் பெங்களூர் நெடுங்காலமாக ஓர் இருப்பிடமாக விளங்கி வருகிறது. 1938ஆம் ஆண்டில் மைசூர் அரசு இந்நகரின் மல்லேசுவரம் பகுதியில் வன ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை நிறுவியது. 1956ஆம் ஆண்டில் அது மத்திய அரசின் பொறுப்பில் வந்து, தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் கிளையாக இயங்கிற்று. 1988ஆம் ஆண்டில் அது மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் என்னும் தனி நிலையை எய்தியது. ஒட்டுப்பலகைத் தொழிலுக்கான ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் 1962ஆம் ஆண்டில் இந்நகரிலேயே தோன்றியது. மரத்தின் ஈரம், வலிமை, பசை ஆகியவை பற்றிய அறிவு இத்தகைய நிலையங்களின் வாயிலாகவே தச்சுப்பட்டறைக்கு வந்து சேர்கிறது.

இந்நகரைச் சூழ்ந்த பகுதியிலோ மரவேலை மரபு மிகப் பழையது. சென்னபட்டணத்தின் அரக்குப் பொம்மைகள், மைசூரின் ஈட்டிமரப் பதிப்பு வேலைகள், சொரபா, சாகரம் முதலிய இடங்களின் சந்தனமரச் செதுக்குப் பெட்டிகள் ஆகியன நாடறிந்தவை. கைவினைஞன் அனுபவத்தால் அறிந்ததன் காரணத்தை அறிவியல் விளக்குகிறது; அறிவியல் கணக்கிட்டுச் சொல்வதைக் கைவினைஞன் உளியால் மெய்ப்பிக்கிறான்.

மரத்தின் நார்ப்போக்கு

பொருத்துகளை ஒப்பிடுமுன் மரத்தின் அடிப்படை இயல்பு ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். மரம் இரும்பைப் போல எல்லாத் திசைகளிலும் ஒரே வலிமை உடையதன்று. அது நீண்ட, நுண்ணிய குழல் போன்ற நார்களின் கட்டு ஆகும். நார்களின் நீளவாக்கில் இழுத்தால் மரம் பெருஞ்சுமையைத் தாங்கும். நார்களுக்குக் குறுக்காக இழுத்தால், அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரிப்பது எளிது. குறுக்கு இழுவலிமை நீளவாக்கு இழுவலிமையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு, சில மரங்களில் அதனினும் குறைவு. விறகைக் கோடரியால் நீளவாக்கில் பிளப்பது எளிதாகவும், குறுக்கே வெட்டுவது கடினமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

பலகைக்கு மூவகை முகங்கள் உண்டு: அகன்ற முகம், ஓர முகம், நார்களின் வெட்டுவாய் தெரியும் நுனிமுகம். அகன்ற முகமும் ஓர முகமும் நார்கள் படுத்துக் கிடக்கும் முகங்கள். இவ்விரண்டிலும் பசை நன்கு பற்றும். இரு பலகைகளை ஓரத்தோடு ஓரம் நார்ப்போக்கு இசைய ஒட்டினால், பசைக்கோடு மரத்திற்கு இணையான வலிமை பெறும். நுனிமுகத்தின் இயல்பு வேறு. அங்கே நார்க்குழல்கள் வாய் திறந்து நிற்பதால் பசை உள்ளே உறிஞ்சப்பட்டு, பொருத்தில் நிற்பது குறைகிறது. அதனினும் முக்கியமானது, மூலையை நெம்பும்போது எதிர்ப்பலகையின் நார்கள் குறுக்காக இழுபட்டுப் பிரிவதாகும்.

இனி ஆராயப்படும் பொருத்துகளை ஒப்பிடுதற்கு ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். பலகையின் கனம் 12 மில்லிமீட்டர், உயரம் 96 மில்லிமீட்டர்; இது நடுத்தர இழுப்பறை ஒன்றின் அளவு. ஒவ்வொரு பொருத்திலும் எத்தனை சதுர மில்லிமீட்டர் பரப்பு ஒட்டுகிறது, அப்பரப்பு எத்தகையது என்பதைக் கணக்கிட்டால் உண்மை விளங்கும்.

முட்டுப் பொருத்து

ஒரு பலகையின் நுனியை மற்றொன்றின் முகத்தில் முட்டவைத்து ஒட்டுவதும் ஆணி அறைவதும் முட்டுப் பொருத்து ஆகும். ஒட்டும் பரப்பு 12 × 96 = 1,152 சதுர மில்லிமீட்டர். இஃது அனைத்தும் நுனிமுகத்தைச் சார்ந்தது. நல்ல ஒட்டுப்பரப்பு சிறிதும் இல்லை.

இப்பொருத்தின் நலிவை ஒரு கணக்கால் உணரலாம். மூலையிலிருந்து 30 செண்டிமீட்டர் தொலைவில் ஒரு விசை மூலையைத் திறக்க முயல்வதாகக் கொள்க. பொருத்தின் அகலம் 9.6 செண்டிமீட்டர், கனம் 1.2 செண்டிமீட்டர். வளைவை எதிர்க்கும் வெட்டுமுகக்கெழு, அகலத்தைக் கனத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆறால் வகுத்த அளவு. அதாவது ஏறத்தாழ 2.3 கன செண்டிமீட்டர். குறுக்காக இழுபடும் மரம் சதுர செண்டிமீட்டருக்கு 40 கிலோகிராம் வரை தாங்கும் என்று கொண்டால், பொருத்து தாங்கும் திருப்புதிறன் 92 கிலோகிராம்-செண்டிமீட்டர். இதனை 30 ஆல் வகுத்தால் கிடைப்பது மூன்று கிலோகிராம் சுமையே. ஒரு சிறுவன் கையால் தள்ளும் விசை இதனினும் மிகுதி. முழுப் பெட்டியில் நான்கு மூலைகளும் அடிப்பலகையும் ஒன்றுக்கொன்று துணை நிற்பதால் மூலை உடனே பிரிவதில்லை. அத்துணை நீங்கும் நாளில் பிரிகிறது.

ஆணியும் இக்குறையை முற்றும் தீர்ப்பதில்லை. நுனிமுகத்தில் அறைந்த ஆணியைப் பிடுங்குவதற்கு வேண்டிய விசை, பக்க முகத்தில் அறைந்த ஆணிக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதி முதல் முக்கால் பங்கே. ஒருமுறை மட்டும் பயன்படும் சிப்பப்பெட்டிக்கு ஆணி அறைந்த முட்டுப் பொருத்து போதும். நாள்தோறும் இழுக்கப்படும் இழுப்பறைக்குப் போதாது.

படிவெட்டுப் பொருத்து

ஒரு பலகையின் நுனியில் படிபோல் வெட்டி, அதனுள் மற்றப் பலகையைப் பொருத்துவது படிவெட்டுப் பொருத்து. படியின் ஆழம் 8 மில்லிமீட்டர் ஆயின், ஒட்டும் பரப்பு 1,152 + 768 = 1,920 சதுர மில்லிமீட்டர் ஆகிறது. பரப்பு பெருகினும் ஒவ்வொரு தொடுமுகத்திலும் ஒருபுறம் நுனிமுகமே அமைகிறது என்பதைக் கவனிக்க. ஆதலால் பசையை மட்டும் நம்பும்போது இதன் மேன்மை சிறிதே.

எனினும் இப்பொருத்து இழுப்பறைக்கு மிக உதவுவது வேறொரு காரணத்தால். முன்பலகையில் படி வெட்டி, பக்கப்பலகையை அதனுள் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஆணி அறைந்தால், கைப்பிடியை இழுக்கும் விசை ஆணியின் நீளவாக்கில் செல்லாமல் அதன் குறுக்கே செல்கிறது. ஆணி நழுவி வெளிவர வழியில்லை. அது வளையவோ மரத்தைக் கிழிக்கவோ வேண்டும். முன்பலகை வழியாகப் பக்கப்பலகையின் நுனியில் அறைந்த ஆணியோ, ஒவ்வோர் இழுப்பிலும் சிறிது சிறிதாக வெளியே வருகிறது. ஒரே எண்ணிக்கை ஆணிகளைத் திசை மாற்றி அறைவதாலேயே இழுப்பறையின் ஆயுள் மிகுகிறது என்பது மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டத்தக்க செய்தி.

காடிப் பொருத்து

பலகையின் குறுக்கே காடி எடுத்து, அதனுள் மற்றப் பலகையின் நுனியைச் செருகுவது காடிப் பொருத்து. இழுப்பறையின் பின்பலகைக்கு இது ஏற்றது. காடியின் இரு கரைகளும் பலகையை இருபுறமும் தாங்குவதால் சுமை பசையின்மேல் விழுவதில்லை. ஆனால் காடியைப் பலகையின் நுனிக்கு மிக அருகில் எடுத்தல் ஆகாது. காடிக்கும் நுனிக்கும் இடையே எஞ்சும் மரத்தில் நார்கள் குட்டையாக இருப்பதால், சிறு விசையிலேயே அது சிதறிவிடும். குறைந்த அளவு பலகையின் கனத்துக்குச் சமமான இடம் நுனியில் விடுதல் வேண்டும். ஆதலின் பெட்டியின் வெளிமூலைக்கு இப்பொருத்து தகாது.

சாய்வெட்டுப் பொருத்து

இரு பலகைகளின் நுனிகளையும் 45 பாகை சாய்வாக வெட்டி இணைத்தால் நுனிமுகம் வெளியே தெரியாது. ரேகை மூலையைச் சுற்றி இடையறாது ஓடுவது போலக் காணப்படும். அழகுப் பெட்டிகளுக்கும் சட்டங்களுக்கும் இதனை விரும்பிக் கையாள்கின்றனர். ஒட்டும் பரப்பு ஏறத்தாழ 1,630 சதுர மில்லிமீட்டர். இதுவும் நுனிமுகத்தின் தன்மையே உடையது. ஒட்டும்போது பலகைகள் வழுக்கி நகர்வதும் உண்டு. மூலையின் குறுக்கே வாளால் கீறி, மெல்லிய மரப்பட்டை ஒன்றைச் செருகி ஒட்டினால் வலிமை பெரிதும் கூடும். அப்பட்டையின் நார் பொருத்துக்கோட்டைக் கடந்து செல்லும்படி அமையவேண்டும். கோட்டோடு ஒத்துச் செல்லும் நாரினால் பயனில்லை.

விரற்பொருத்து

இரு கைவிரல்களைக் கோத்தாற்போல, இரு பலகைகளின் நுனிகளிலும் சதுரப் பற்களை வெட்டிக் கோப்பது விரற்பொருத்து. இங்குதான் நல்ல ஒட்டுப்பரப்பு முதன்முதலாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு விரலின் கன்னமும் நார் படுத்த முகம். அதனைத் தொடும் எதிர்விரலின் கன்னமும் அத்தகையதே. கணக்கு வருமாறு:

விரலின் அகலம் 12 மில்லிமீட்டர்: விரல்கள் 8, தொடுகன்னங்கள் 7, நல்ல ஒட்டுப்பரப்பு 1,008 சதுர மில்லிமீட்டர்.

விரலின் அகலம் 6 மில்லிமீட்டர்: விரல்கள் 16, தொடுகன்னங்கள் 15, நல்ல ஒட்டுப்பரப்பு 2,160 சதுர மில்லிமீட்டர்.

விரலின் அகலம் 4 மில்லிமீட்டர்: விரல்கள் 24, தொடுகன்னங்கள் 23, நல்ல ஒட்டுப்பரப்பு 3,312 சதுர மில்லிமீட்டர்.

விரல் மெலிய மெலியப் பரப்பு பெருகுவது காண்க. ஆயினும் இப்பரப்பைப் பசையின் முழு வலிமையால் பெருக்கி விடை காண்பது பிழையாகும். தொடுகன்னங்களின் நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்பதால், விசை மிகும்போது நார்கள் உருளைகளைப் போல உருண்டு பிரியக்கூடும். மேலும் விரல் மிக மெலிதானால் வெட்டும் பிழைகள் பெருகி, கன்னங்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். கைவாளால் வெட்டுவோர் பலகைக் கனத்தின் பாதிக்கும் முழுமைக்கும் இடைப்பட்ட அகலத்தைக் கொள்வதே நலம். பொறியில் வெட்டுவோர் அதனினும் மெல்லிய விரல்களை அமைக்கலாம்.

புறாவால் பொருத்து

விரலின் பக்கங்களைச் சாய்த்து, நுனி அகன்றும் அடி குறுகியும் இருக்குமாறு வெட்டினால் அது புறாவின் விரிந்த வாலை ஒக்கும். பழங்கால எகிப்தியரின் மரப்பொருள்களிலும் இப்பொருத்து காணப்படுகிறது. சாய்வு, மென்மரத்தில் ஆறுக்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ ஒன்பதரை பாகை. வன்மரத்தில் எட்டுக்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ ஏழு பாகை. சாய்வு குறைந்தால் பிடிப்புக் குறையும். மிகுந்தால் வாலின் கூர்மூலையில் நார் குட்டையாகி உடையும்.

மேற்கூறிய அளவுப் பலகையில் மூன்று வால்கள் அமைத்தால் தொடுகன்னங்கள் ஆறு. நல்ல ஒட்டுப்பரப்பு ஏறத்தாழ 870 சதுர மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் விரற்பொருத்தின் பரப்பில் இது பாதிக்கும் குறைவு. அங்ஙனமாயின் புறாவாலைத் தலைசிறந்த பொருத்தென்று தச்சர்கள் போற்றுவது ஏன்? அதன் வலிமை பரப்பில் இல்லை. ஆப்பு வடிவில் உள்ளது. வாலை அதன் நீளவாக்கில் இழுத்தால், அகன்ற நுனி குறுகிய வழியே வெளிவர இயலாது. பசை முற்றிலும் அற்றுப்போனாலும் அத்திசையில் பொருத்துப் பிரியாது. விரற்பொருத்தில் பசை கெட்டால் இழுப்பை எதிர்ப்பது உராய்வு மட்டுமே.

இதிலிருந்து ஒரு முக்கிய விதி பெறப்படுகிறது. இழுப்பறையில் வால்கள் பக்கப்பலகைகளிலும், அவற்றை ஏற்கும் முளைகள் முன்பலகையிலும் அமைதல் வேண்டும். கைப்பிடியை இழுக்கும்போது விசை பக்கப்பலகையின் நீளவாக்கில் செல்கிறது. வால் அதனை எதிர்த்து நிற்கிறது. மாற்றி அமைத்தால் ஒவ்வோர் இழுப்பும் பொருத்தைக் கழற்றவே உதவும். பாடுபட்டு வெட்டிய பொருத்து, திசை தவறினமையால் பயனற்றதாகும். பத்தாயத்தில் நெல் நாற்புறமும் வெளியே தள்ளும். அங்கே வால் அமைந்த பலகைகள் எதிரெதிர்ப் பக்கங்களை இழுத்துப் பிடிக்கும். மிகுதியான விசை படும் நீண்ட பக்கங்கள் வெளியே வராதவாறு, வால்களைக் குறுகிய பக்கப்பலகைகளில் வைத்தல் நன்று.

ஈரமும் பருவமும்

பொருத்தைச் சோதிப்பது விசை மட்டுமன்று, பருவமாற்றமும் சோதிக்கிறது. மரம் காற்றின் ஈரத்தை ஏற்றும் விட்டும் பருக்கிறது, சுருங்குகிறது. நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது. குறுக்குவாக்கில் பெரிது. தேக்கு பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது, ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், ஆரத்திசையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும் சுருங்கும். பெங்களூரில் பங்குனி மாதத்தின் வறட்சிக்கும் மழைக்கால ஈரத்திற்கும் இடையே பலகையின் ஈரம் 5 விழுக்காடு மாறுவதாகக் கொண்டால், 96 மில்லிமீட்டர் உயரம் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் மாறக்கூடும். கோடையில் இறுக்கமாகச் செய்த இழுப்பறை மழைக்காலத்தில் திறக்க மறுப்பதும், அதனைப் பலங்கொண்டு இழுத்து மூலையைப் பிரிப்பதும் இதனால் நேர்வன.

நாற்புறப் பலகைகளிலும் நார் கிடைமட்டமாகச் சுற்றி ஓடினால், எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவாகப் பருக்கும், மூலைக்கு ஊறில்லை. ஒரு பலகையில் மட்டும் நாரை நிமிர்த்தி வைத்தால், அடுத்த பலகை பருக்க, இது பருக்காது நிற்க, பசைக்கோடு அறுபடும். அடிப்பலகை ஒரே மரப்பலகையாயின் அதனைக் காடியில் தளர்வாகச் செருகவேண்டும். ஒட்டிவிட்டால் அது பருத்துப் பக்கங்களைத் தள்ளும். ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த ஏடுகள் குறுக்கு நெடுக்காக அமைவதால் அது மிகக் குறைவாகவே பருக்கும். அடிக்கு அது ஏற்றது.

பசையின் தேர்வும் இதனோடு சேர்ந்தது. பழைய வச்சிரப் பசை உலர்ந்த இடத்தில் வலியது; ஈரத்தில் இளகிவிடும். பட்டறைகளில் இன்று வழங்கும் வெள்ளைப் பசை வீட்டுப் பொருள்களுக்குப் போதும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் தேனீப் பெட்டிக்கு ஈரம் தாங்கும் வகையையே கேட்டு வாங்கவேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

மேற்கூறியவற்றை மாணாக்கர் நம்பி ஏற்பதினும் சோதித்து அறிதல் சிறப்பு. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரே பலகையிலிருந்து 48 மில்லிமீட்டர் அகலமும் 12 மில்லிமீட்டர் கனமும் உள்ள துண்டுகளை வெட்டி, முட்டு, படிவெட்டு, விரல், புறாவால் என்னும் நால்வகையிலும் மும்மூன்று மூலைகள் செய்க. எல்லாவற்றிற்கும் ஒரே பசை. ஒட்டியபின் ஒரு வாரம் நிழலில் உலரவிடுக. மூலையின் ஒரு கையை நிமிர்ந்து மேல்நோக்கி இருக்குமாறு மேசைக்காலில் இறுகக் கட்டுக. மறு கை அடியிலிருந்து கிடையாக நீளட்டும். மூலையிலிருந்து 30 செண்டிமீட்டர் தொலைவில் வாளியைத் தொங்கவிட்டு, ஒரு லிட்டர் ஒரு லிட்டராக நீர் ஊற்றுக. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் எடை. வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்க. நீர் போதாத வலிய பொருத்துக்கு எடையிட்ட மணலைப் பயன்படுத்தலாம். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாதிருத்தலும், மாணாக்கர் கால்களை விலக்கி நிற்றலும் வேண்டும்.

பிரிந்த சுமையைக் குறிப்பதோடு அமையாது, பிரிந்த இடத்தையும் குறிக்கவேண்டும். பசைக்கோடு தூய்மையாகப் பிரிந்திருந்தால் குறை பசையிலோ பரப்பிலோ உள்ளது. ஒட்டிய முகத்தில் மரநார்கள் பிய்ந்து காணப்பட்டால் பசை தன் கடமையைச் செய்தது, மரமே தோற்றது. விரலோ வாலோ முறிந்திருந்தால் வடிவின் அளவை மாற்றவேண்டும். மூன்று மாதிரிகளின் விடைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டால், பொருத்தைக் காட்டிலும் செய்தவர் கையே வேறுபட்டது என்று கொள்ளவேண்டும். இவ்வுண்மையை மாணாக்கர் தாமே கண்டறிவது இச்சோதனையின் தலையாய பயன்.

முடிவு

எல்லாப் பயனுக்கும் ஏற்ற ஒரே பொருத்து இல்லை. ஒருமுறைப் பயனுக்கான சிப்பப்பெட்டிக்கு ஆணியிட்ட முட்டுப் பொருத்து போதும். எளிய இழுப்பறைக்குப் பக்கவாட்டில் ஆணியிட்ட படிவெட்டும், பின்பலகைக்குக் காடியும் தகும். பசை நன்றாகவும் கருவி கூராகவும் இருப்பின், கருவிப்பெட்டிக்கும் தேனீப் பெட்டிக்கும் விரற்பொருத்து செலவும் வலிமையும் இசைந்த தேர்வு. பெருஞ்சுமை ஏற்றுப் பல்லாண்டு இழுக்கப்படும் இழுப்பறைக்குப் புறாவாலே சிறந்தது. களப்பணியாளர் பெட்டி வாங்கும்போது மெருகை நோக்காது மூலையை நோக்குக: நார் எங்கே ஓடுகிறது, விசை எத்திசையில் வரும், பசை எம்முகத்தைப் பற்றியுள்ளது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே பெட்டியை ஏற்றுக்கொள்ளுதல் நன்று. மூலை நின்றால் பெட்டி நிற்கும்.